தலையோட்டுப் படமும் பல்வரிசையும்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

அளந்தறியாத பொருளைப்பற்றி அறிந்ததாகச் சொல்லுதல் அறிவியல் நூலார்க்கு ஒவ்வாத செயல் என்பது நம் கல்லூரியின் பௌதிகச் சாலையில் யான் முதலாண்டிலேயே கேட்ட உபதேசம். அளந்துவிட்ட மாத்திரத்தானே ஒரு பொருளை முற்றும் அறிந்துவிட்டதாகக் கருதுதல் அதனினும் பெரும்பிழை என்பதை, கல்லூரியை விட்டுச் சென்னையில் பல் மருத்துவம் பயிலப் புகுந்த பின்னரே யான் கற்றுக்கொண்டேன். அதனைக் கற்பித்தது ஒரு சிறுமியின் தலையோட்டுப் படம். அச்சிறுமியோ என் சொந்த ஊராகிய தென்னேரியைச் சேர்ந்தவள். ஆதலின் இவ்விதழ்க்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபொழுது, வேறு பொருளைத் தேடி அலையாமல் இதனையே எழுதத் துணிந்தேன்.

தென்னேரியை அறியாதார் இருத்தல் கூடும். காஞ்சிபுரத்தை அடுத்து வாலாஜாபாத்துக்கு அணித்தாயுள்ள சிற்றூர் அது. அம்மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் ஒன்று அவ்வூர்க்குரியது. திரையன் என்னும் பண்டைத் தலைவன் பெயரால் திரையனேரி எனப்பெற்றதே நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்பர். ஏரிப் பாசனமும் பட்டுத் தறியுமே அவ்வூரார்க்கு வாழ்வு. தறியோசை கேட்டு வளர்ந்தவன் யான் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கின்றேன்; அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கலையின் தோற்றம்

கோணிய பல்லை நேராக்கும் விருப்பம் மிகப் பழையது. ஆயினும் அதற்கென ஒரு தனிச் சாஸ்திரம் வகுத்தவர் அமெரிக்க நாட்டு எட்வர்டு ஆங்கிள் என்பவர். மேற்பல் வரிசையின் முதற் பெருங்கடைவாய்ப்பல்லும் கீழ்வரிசையின் முதற் பெருங்கடைவாய்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்துகின்ற தன்மையைக்கொண்டு, பல்லமைப்பின் குறைகளை மூவகையாக அவர் 1899இல் பகுத்தார். அப்பகுப்பு இன்றளவும் வழக்கிலுள்ளது. எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. பற்களின் பொருத்தத்தை அது காட்டுமேயன்றிப் பற்களைத் தாங்கும் எலும்பின் நிலையைக் காட்டாது. முன்பல் துருத்தி நிற்பதற்குப் பல் சாய்ந்திருப்பதும் காரணமாகலாம். மேல்தாடை முன்னேறி வளர்ந்ததும் காரணமாகலாம். கீழ்த்தாடை பின்தங்கி நின்றதும் காரணமாகலாம். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். மருந்தோ மூன்றுக்கும் வேறு வேறு.

எலும்பைக் காணும் வழி 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனி தேசத்து ராண்ட்கன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கிரணங்களைக் கண்டறிந்தமையால் திறந்தது. அக்கிரணங்களால் அவ்வாண்டு டிசம்பரில் தம் மனைவியாரின் கையெலும்பை மோதிரத்தோடு அவர் படம் பிடித்தது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் படம் எடுத்தல் வேறு, அளவெடுத்தற்குரிய படம் எடுத்தல் வேறு. இன்று எடுத்த படத்தையும் ஈராண்டு கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட வேண்டுமாயின், இருமுறையும் தலை ஒரே நிலையில், கிரணக் குழாய் ஒரே தூரத்தில் இருத்தல் வேண்டும். இவ்வொழுங்கை 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பிராட்பென்ட் என்பவரும், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் தனித்தனியே வெளியிட்டனர். பிராட்பென்டு போல்டன் குடும்பத்தாரின் பொருளுதவியைக்கொண்டு, வளரும் குழந்தைகளின் தலையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். நலமுள்ள குழந்தைகளை அங்ஙனம் பலமுறை கிரணத்துக்கு உட்படுத்த இக்காலத்து ஒழுக்க விதிகள் இடங்கொடா. ஆதலின் அப்படங்கள் இனி எளிதிற் கிடைத்தற்கரிய செல்வம் ஆயின.

நம் நாட்டிலும் இக்கலைக்குரிய அடிப்படைகள் ஒவ்வொன்றாய் அமைந்தன. இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை ரபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் நிறுவினார். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு பெயரால் விளங்கும் எக்ஸ் கிரண நிலையம் 1934இல் எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கிப் பின்னர்த் தனிக் கல்லூரியாயிற்று. பற்சீரமைப்பு வல்லுநர்க்கென இந்தியச் சங்கம் ஒன்று 1965இல் தோன்றியது.

படம் எடுக்கும் முறை

இனிப் படம் எடுக்கும் முறையைச் சுருங்கக் கூறுவேன். நோயாளரை நிறுத்தி, தலைதாங்கியின் இரு சிறு கோல்களை இரு செவித்துளைகளிலும் மெல்லப் பொருத்துவர். தலை இடமும் வலமும் திரும்பாமல் நிற்பதற்கு இஃது உதவி. பற்களைக் கடித்து, இதழ்களைத் தளர்த்தி, கண்களை நேரே நிறுத்தச் சொல்லுவர். கிரணம் புறப்படும் இடத்திலிருந்து தலையின் நடுத்தளம் வரை 5 அடி தூரம் என்பது பிராட்பென்டு காலந்தொட்டு வரும் வழக்கு. படத்தகடு தலையின் மறுபுறத்தில் இருக்கும். கிரணங்கள் விரிந்து செல்லும் இயல்பினவாதலின் நிழல் பொருளினும் சற்றுப் பெரிதாகவே விழும். நடுத்தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், நூற்றுக்குப் பத்து வீதம் நிழல் பெரிதாகும் என்பது ஒத்த முக்கோணங்களைப் பயின்ற மாணவர் எவரும் கணக்கிட்டுக் காணக்கூடியதே. நீளங்களைக் காட்டிலும் கோணங்களை மருத்துவர் மிகுதியும் நம்புவதற்கு இஃதொரு காரணம். நடுத்தளத்தில் உள்ள புள்ளிகளின் நிழல் ஒரே விகிதத்திற் பெருகுமாதலின் அவற்றிடைக் கோணம் மாறாது.

இப்படத்தால் உடம்பிற் சேரும் கிரணம் சில மைக்ரோசீவர்ட்டே. இயற்கையில் மண்ணினின்றும் வானினின்றும் ஏறத்தாழ ஒரு நாளில் நாம் பெறும் அளவை அஃது ஒத்தது. ஆயினும் தேவையின்றி எடுத்தல் தகாது. குழந்தைகட்கு மேலும் தகாது.

புள்ளிகளும் கோணங்களும்

படத்தை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை ஒட்டி, கூர்மையான பென்சிலால் எலும்பின் எல்லைகளை வரைவதே பழைய முறை. இக்காலத்தில் கணிப்பொறி இதனைச் செய்கின்றது. புள்ளிகளைத் தானே கண்டு, நொடிப்பொழுதிற் கோணங்களை அச்சிட்டுத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. எனினும் எங்கள் பேராசிரியர், கையால் ஐம்பது படம் வரையாத மாணவனைக் கணிப்பொறியை அணுகவும் விடார். அதனால் யாங்கள் முணுமுணுத்ததுண்டு. இன்று அவர்க்கு நன்றி கூறுகின்றேன்.

புள்ளிகள் பல, முதற்கண் அறியவேண்டுவன நான்கு. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி தங்கியிருக்கும் குழி குதிரைச் சேணம்போல் வளைந்திருத்தலின், அதற்குத் துருக்கியச் சேணம் என்று பெயரிட்டனர். அக்குழியின் நடுவே எஸ் என்னும் புள்ளி. நெற்றியெலும்பும் மூக்கெலும்பும் பொருந்தும் மூட்டுவாயின் முன்னெல்லை என் என்னும் புள்ளி. மூக்கின் அடியிலிருந்து மேல்முன்பல்லின் வேரை நோக்கி இறங்கும் எலும்பு உட்குழிந்து செல்லும். அக்குழிவின் ஆழமான இடம் ஏ என்னும் புள்ளி. அவ்வாறே கீழ்முன்பல்லுக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட குழிவின் ஆழமான இடம் பி என்னும் புள்ளி.

எஸ், என் இரண்டையும் இணைக்கும் கோடே மண்டையின் அடித்தளக் கோடு. அடித்தளத்தின் முன்பகுதி ஏறத்தாழ ஏழு வயதில் பெரும்பாலும் வளர்ந்து முடியும்; தாடைகளோ அதன்பின்னும் பல்லாண்டு வளரும். வளர்ச்சியை அளக்க வளராத ஒன்றைப் பற்றுக்கோடாகக் கொள்ளுதல் முறையன்றோ? அக்கோட்டுக்கும் என்–ஏ கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம் மேல்தாடையின் நிலையைக் காட்டும். என்–பி கோட்டோடு உண்டாகும் கோணம் கீழ்த்தாடையின் நிலையைக் காட்டும். ஸ்டைனர் என்பவர் 1953இல் வெளியிட்ட முறையின்படி முன்னது 82 பாகை, பின்னது 80 பாகை. இரண்டற்கும் உள்ள வேறுபாடு 2 பாகை. இவ்வேறுபாடு மிகுந்தால் மேல்தாடை கீழ்த்தாடையினும் அளவு கடந்து முன்னிற்கிறது என்றும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் கீழ்த்தாடை முன்னிற்கிறது என்றும் கொள்வர். மேல்முன்பல்லின் அச்சு என்–ஏ கோட்டோடு 22 பாகையும், கீழ்முன்பல்லின் அச்சு என்–பி கோட்டோடு 25 பாகையும், முன்பற்கள் இரண்டும் தம்முள் 131 பாகையும் சாய்ந்திருப்பது அவர் காட்டிய அளவு.

கணித மாணவர் ஈண்டு ஒன்றைக் கவனிக்கலாம். 2, 22, 25, 131 ஆகிய நான்கையும் கூட்டினால் 180 வரும். இது தற்செயலன்று, இக்கோடுகள் அமைக்கும் உருவத்தின் வடிவியல் இயல்பு அது. ஆகவே எந்த நோயாளரின் படத்திலும் இந்நான்கு கோணங்களின் கூட்டுத்தொகை 180 ஆதல் வேண்டும். ஆகாவிடில் கோணமானியை வைத்ததில் பிழையுண்டு என்பது திண்ணம். இத்தகைய சரிபார்ப்பு ஒன்று கையிலிருத்தலால் புதிய மாணவனுக்கு உண்டாகும் துணிவு பெரிது. அத்துணிவே என்னைக் குழியில் தள்ளிற்று.

என் பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர், தென்னேரி நெசவாளர் ஒருவர் பதின்மூன்று வயதுள்ள தம் மகளை அழைத்துக்கொண்டு யான் பயின்ற இடத்துக்கு வந்தார். ஊர்க்காரன் என்ற உரிமையால் என்னைத் தேடி வந்தார். மகளுக்கு முன்பற்கள் சற்று எடுப்பாக இருந்தன. கீழ்வரிசையில் ஒரு பல் நெருக்குண்டு மற்றொன்றன்மேல் ஏறியிருந்தது. "கிளிப் போட்டுச் சரிசெய்ய வேண்டும், தம்பி" என்றார். அச்சிறுமியின் படத்தை வரைந்து அளவெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

இரவில் தனித்திருந்து வரைந்தேன். மேல்தாடைக் கோணம் 85, கீழ்த்தாடைக் கோணம் 79, வேறுபாடு 6. மேல்முன்பல் 26, கீழ்முன்பல் 33, இரண்டும் தம்முள் 115. நான்கையும் கூட்டினேன், 180 சரியாக வந்தது. மேல்தாடை மிக முன்னேறியுள்ளது, ஆதலால் மேல்வரிசையில் இரு சிறு கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு முன்பற்களைப் பின்னே இழுத்தல் வேண்டும் என்று எழுதிவைத்தேன். மறுநாட் காலையில் அதனைப் பேராசிரியர்பால் மகிழ்ச்சியோடு காட்டினேன்.

அவர் என் தாளைப் பார்க்கவில்லை. சிறுமியின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் வார்த்த அச்சைக் கையில் எடுத்தார். "மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் தத்தம் இடத்திற் பொருந்தியுள்ளன. முன்பற்களுக்கு இடையே மூன்று மில்லிமீட்டரே உள்ளது. தாடைகள் ஆறு பாகை விலகியிருந்தால் பல் இவ்வளவு பொருந்துமோ? பொருந்தவே பொருந்தாது என்று சொல்லமாட்டேன்; ஆனால் இரண்டு சாட்சிகள் மாறுபட்டால், இருவரையும் மீண்டும் விசாரிக்க வேண்டாமா? போய் மறுபடி வரைந்து வா, முந்தைய தாளைப் பார்க்காமல் வரை" என்றார்.

மறுபடி வரைந்தேன். இம்முறை விளக்கொளியைக் குறைத்து, படத்தின் பக்கங்களைக் கறுப்புத்தாளால் மறைத்துப் பார்த்தபொழுது உண்மை புலப்பட்டது. ஏ என்னும் புள்ளியின் அருகே மேல்தாடை எலும்பு மிக மெல்லியது. அதன் எல்லை மங்கலாய்த் தோன்றும். அதற்கு முன்னே கன்னத்தின் தசை வீழ்த்திய மென்னிழல் ஒன்று ஓடுகின்றது. யான் அந்நிழலை எலும்பெனக் கொண்டு, புள்ளியை 3 மில்லிமீட்டர் முன்னே வைத்துவிட்டேன்! என் புள்ளிக்கும் ஏ புள்ளிக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 55 மில்லிமீட்டரே ஆதலின், 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கோணம் ஏறத்தாழ 1 பாகை மாறும். சரியான புள்ளியிலிருந்து அளந்தபொழுது மேல்தாடைக் கோணம் 82, வேறுபாடு 3, மேல்முன்பல் 29, ஏனைய இரண்டும் முன்போல 33, 115. இவற்றையும் கூட்டினேன். மீண்டும் 180!

இதுவே யான் கற்ற முதற்பாடம். கூட்டுத்தொகை இருமுறையும் சரி. ஒருமுறை விடை தவறு. கோடு இழுத்ததிலும் கோணம் அளந்ததிலும் உள்ள பிழையைத்தான் அச்சரிபார்ப்புக் காட்டும். புள்ளியே தவறாயின் அது வாய் திறவாது. பிழையான புள்ளியிலிருந்தும் பிழையற்ற கணக்குச் செய்யலாம்.

இத்தவறு என் ஒருவனுக்கே உரியதன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். ஒரே படத்தைப் பலரிடம் கொடுத்துப் புள்ளி குறிக்கச் செய்து, அவர்கள் குறித்தவை எவ்வளவு சிதறுகின்றன என்று பாம்ரிண்டு, பிரான்ட்ஸ் என்னும் இருவர் 1971இல் ஆராய்ந்தனர். ஒவ்வொரு புள்ளிக்கும் தனக்கென ஒரு பிழையின் வடிவம் உண்டு என்பது அவர்கள் கண்டது. கூர்மையான முனையிலுள்ள புள்ளிகள் ஒருங்கு குவியும். வளைந்த எல்லையிலுள்ளவை அவ்வளைவின் வழியே சிதறும். கீழ்த்தாடையின் இட வல எல்லைகள் இரட்டைக் கோடாக விழுவதும் மயக்கம் தரும். ஏனெனில் தகட்டுக்குச் சேய்மையிலுள்ள பக்கம் மிகுதியாகப் பெருகும். அங்கே இரண்டற்கும் நடுவே ஒரு கோடு கொள்ளுதல் மரபு.

புள்ளிகள் யாவும் சரியாயினும் கோணம் பொய்யுரைக்கும் இடமும் உண்டு. மூக்கெலும்பு மூட்டு இயல்பிலேயே முன்தள்ளி அமைந்தவரிடத்துத் தாடைகள் இருந்த இடத்தில் இருக்கவே கோண வேறுபாடு குறைந்து தோன்றும். இதனைக் கண்ட ஜேக்கப்சன் என்பவர் 1975இல் மண்டையின் அடித்தளத்தை விடுத்து, பற்கள் கடிக்கும் தளத்தின்மீது ஏ, பி புள்ளிகளிலிருந்து செங்குத்துக் கோடுகளை வீழ்த்தித் தாடைகளை நேரே ஒப்பிடும் முறையைக் கூறினார். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்டு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுருக்கி அம்முறைக்கு விட்ஸ் எனப் பெயரிட்டனர். ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒத்துப் பார்த்தலே இக்கலையின் உயிர்நாடி.

யாருடைய அளவு?

திருத்திய தாளை எடுத்துக்கொண்டு மறுபடி சென்றேன். முந்தின முடிபை அடித்துவிட்டுப் புதிது ஒன்று எழுதியிருந்தேன். "மேல்முன்பல் 22க்குப் பதில் 29, கீழ்முன்பல் 25க்குப் பதில் 33. இரு தாடையிலும் பற்கள் முன்சாய்ந்துள்ளன. ஆதலால் மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு சிறு கடைவாய்ப்பற்களை எடுத்து முன்பற்களைப் பின்னிழுத்தல் வேண்டும்." நூலின்படி அது தவறன்று. பேராசிரியர் ஒரு வினாவே வினவினார்: "22 என்பது யாருடைய அளவு?"

யான் விழித்தேன். அவரே விடை கூறினார். 1948இல் டவுன்ஸ் என்பவர் முதன்முதலாக ஒரு முறையான அளவுத் தொகுதியை வெளியிட்டார். சிறந்த பல்வரிசையுடைய, 12 முதல் 17 வயதுக்குட்பட்ட, வெள்ளையர் இனத்து இளைஞரும் நங்கையருமாகிய இருபதின்மரே அவர் எடுத்துக்கொண்டவர். ஸ்டைனருடைய அளவுகளும் அமெரிக்க வெள்ளையர் முகத்தையே குறிக்கோளாகக் கொண்டவை. அவர்கள் தம் மக்கட்குத் தாம் கண்டதைச் சொன்னார்கள், அதில் குற்றமில்லை. அதனை எடுத்துவந்து தென்னேரியில் பிறந்த பெண்ணின் முகத்தின்மேல் வைத்து, "இவ்வளவு மிகை" என்று கூறுவோர்மேலதே குற்றம்.

இந்திய முகங்களை அளக்கும் முயற்சி பின்னர் நிகழ்ந்தது. 1964இல் கோட்டக் என்பவர் இந்தியச் சிறுமியரைப்பற்றியும், 1969இல் நந்தா என்னும் பெயருடைய இருவர் வட இந்தியரைப்பற்றியும், பிராட்பென்டின் முதற் கட்டுரை வெளிவந்த அதே அமெரிக்க இதழில் தம் அளவுகளை வெளியிட்டனர். தென்னாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அதன்பின் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றின் பொதுவான முடிபு ஒன்றே: நம்மவர் முன்பற்கள், குற்றமற்ற பல்வரிசையிலும்கூட, அமெரிக்க அளவினும் சற்று முன்சாய்ந்தே நிற்கும், இதழ்களும் அதற்கேற்ப நிறைந்திருக்கும்.

அன்றியும், நடு அளவு என்பது எவருக்கும் விதியன்று. நூறு பேரை அளந்து வகுத்துவரும் நடு அளவு அந்நூற்றுவருள் ஒருவர்க்கும் சரியாகப் பொருந்தாமலிருக்கலாம். அதன் இருபுறமும் இயல்பானவர் பலர் பரந்திருப்பர். காஞ்சிக் கோயில்களிற் படிமம் செய்த சிற்பியர்க்குத் தாலம் என்னும் அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதனைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, நெற்றி, மூக்கு, மூக்கடியிலிருந்து மோவாய் என மூன்று சமபாகமாக அமைப்பர். சிற்பிக்கு அளவு முன்னே, முகம் பின்னே. அளவுக்கு மிகுந்த கல்லை அவர் செதுக்கி எறியலாம். மருத்துவனுக்கோ முகம் முன்னே, அளவு பின்னே. இவ்வேறுபாட்டை மறந்தவன் கையில் கோணமானி உளியாக மாறிவிடும்.

பின்னர்ப் பேராசிரியர் சிறுமியை அழைத்தார். அவளை வாயை மூடி இயல்பாக இருக்கச் சொன்னார். இதழ்கள் வருத்தமின்றிப் பொருந்தின. மோவாயின் தசை சுருங்கவில்லை. ஈறு நலமாயிருந்தது. நெருக்குண்ட பல்லுக்குத் தேவையான இடம் 3 மில்லிமீட்டரே. "அம்மா, உனக்கு எது குறையாகத் தோன்றுகிறது?" என்று அவர் கேட்க, அச்சிறுமி கீழ்வரிசையில் ஏறிநின்ற பல்லைத் தொட்டுக் காட்டினாள். முன்பல் எடுப்பைப்பற்றி வினவியதற்கு, "அது எங்கள் ஆயாவுக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். அவள் தந்தையும் தலையசைத்தார். நூலில் எழுதாத அளவொன்று அங்கே கிடைத்தது.

முடிவில் ஒரு பல்லும் எடுக்கப்படவில்லை. சில பற்களின் பக்கங்களில் எனாமலைச் சிறிதளவு தேய்த்து இடமுண்டாக்கி, கம்பி கட்டி வரிசையை நேராக்கினோம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சென்றது. பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க இரவில் அணியும் தகடு ஒன்று கொடுத்தோம். என் முதல் தாளின்படி நடந்திருந்தால் இரண்டு நற்பற்களும், இரண்டாம் தாளின்படி நடந்திருந்தால் நான்கு நற்பற்களும் போயிருக்கும். எடுத்த பல் மீண்டும் முளைப்பதில்லை.

இதனால், பல் எடுத்தலே தீது என்று எவரும் கொள்ளற்க. அதே மாதத்தில் வேறொரு இளம்பெண் வந்தார். அவர்தம் கோணங்களும் ஏறத்தாழ இவையே. ஆனால் அவர்க்கு இதழ்கள் பொருந்தவில்லை, மூட முயன்றால் மோவாய் சுருங்கிற்று, நெருக்கமும் மிகுதி. அப்பெண் அதனால் பிறர் முன்னே சிரிப்பதையே விட்டிருந்தார். அவர்க்கு நான்கு பற்களை எடுத்ததே தக்க சிகிச்சையாயிற்று, அவரும் மகிழ்ந்தார். எண்கள் ஒன்றாயிருந்தும் முடிபு வேறாயிற்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

நெசவாளர் கூறியது

சிகிச்சை நடக்கும் நாளில் ஒருமுறை அச்சிறுமியின் தந்தை என் அறையில் விளக்குப் பெட்டியின்மேல் இருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். என் பிழையை அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இரு தாள்களையும் காட்டி, கூட்டுத்தொகை சரியாயிருந்தும் விடை தவறிய கதையைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "இது எங்கள் தொழிலிலும் உண்டு, தம்பி. பாவில் இழையை எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாயிருக்கும். ஆனால் கரையில் வரவேண்டிய இழை உடலில் போய்க் கோத்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் நெய்து முடித்த பிறகுதான் தெரியும். அதனால் எண்ணினவனே சரிபார்க்கக் கூடாது, இன்னொருவர் கண் வேண்டும்" என்றார். பேராசிரியர் என்னை முந்தைய தாளைப் பாராமல் வரையச் சொன்னதன் காரணம் அப்பொழுதுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று. என்னையே வேறொருவன் கண்ணாகப் பார்க்கச் செய்தார் அவர்.

இன்று கணிப்பொறி புள்ளி குறித்துத் தரும்பொழுதும் யான் இதனை மறப்பதில்லை. அதுவும் ஒரு கண்ணே, விரைவானது, சோர்வறியாதது. ஆனால் அது கன்னத்து நிழலை எலும்பெனக் கொண்டாலும் அதன் கூட்டுத்தொகை 180 ஆகவே வரும். ஆதலின் அச்சிட்ட எண்களைப் படிக்குமுன் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கின்றேன். பிளாஸ்டர் அச்சைக் கையிலெடுக்கின்றேன். பின்னர் நோயாளரின் முகத்தைப் பார்க்கின்றேன். கடைசியாக அவரையே கேட்கின்றேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் இளமாணவருள் சிலர் மருத்துவத்துக்கும், சிலர் பொறியியலுக்கும், சிலர் வாணிகத்துக்கும் செல்லக்கூடும். எத்துறைக்குச் செல்லினும் எண்கள் அவர்களைத் தொடரும். எண்ணைக் கண்டவிடத்து மூன்று வினாக்களை வினவுக என்பதே யான் அவர்கட்குச் சொல்லவல்லது: இஃது எந்தப் புள்ளியிலிருந்து அளந்தது? யாரை அளந்து அமைத்த அளவுகோல் இது? இதனால் யார்க்கு எது போகும்? இம்மூன்றையும் வினவுதற்குரிய பொறுமையை எனக்கு முதலில் ஊட்டிய இக்கல்லூரி ஆசிரியர்கட்கு என் வணக்கம் உரியதாகுக.